வெறும் குப்பி

கப்பலூர் தொழிற்பேட்டை. இரவு ஷிப்ட்.
நாலுவழிச்சாலை லாரிகள்
ஜன்னல் கண்ணாடியை உலுக்கிவிட்டுப் போகின்றன.
இந்த அறையில் முன்பு சுண்டெலிகள் இருந்தன.
காதுமடலில் பொருளைத் தடவி
காதுக்குக் கீழே கணு வீங்குகிறதா என்று
அறுத்துப் பார்ப்பார்களாம். நான் சேர்வதற்கு முன்பு.
கூண்டுகளை ஒரு கோழிக்காரர் ஏலத்தில் எடுத்துப்போனார்.
சுவரில் அவற்றின் துரு வரைந்த கட்டங்கள் மிச்சம்.

எலிக்குப் பதில் இப்போது
ஒரு புரதத்துண்டு.
ஏழு மணி கோத்த சரம்,
அதில் ஒரு மணிக்குள் கந்தகம்.
எங்களைப் பொறுத்தவரை அதுதான் தோல்.
பொருளோடு கலந்து ஒரு நாள் இருட்டில் வைத்தால்
எவ்வளவு சரம் காணாமல் போகிறதோ
அவ்வளவுக்குச் சந்தேகம்.

மாதிரி எண் பதினேழு:
திருமங்கலத்தில் பதினோரு பெண்கள் சேர்ந்து
அட்டையில் ஒட்டி விற்கும் ஸ்டிக்கர் பொட்டின் பசை.
கையெழுத்து, ரா. பேச்சிமுத்தம்மாள், செயலாளர்.
அதற்குக் கீழே, கேட்காமலே ஒரு வரி:
நாங்களும் இதைத்தான் வைக்கிறோம்.

காலையில் கருவி வரைந்த மலைகளைப் பார்த்தோம்.
பதினேழின் சிகரம் பாதிக்குச் சரிந்திருந்தது.
ரெக்ஸ்லின் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டாள்.

எனக்கு வெறும் குப்பியைப் பார்க்கும் பழக்கம்.
சரமும் நீரும் மட்டும்,
வேறு யாரும் நுழையாத குப்பி.
அதிலும் சரிவு.

யாரும் தொடவில்லை.
தானாகவே, இரண்டிரண்டாய்,
கந்தகத்தோடு கந்தகம் கைகோத்து
வேறொன்றாகி உட்கார்ந்திருந்தது.
வரைபடத்தில் புதிதாய் முளைத்த குட்டி மேடு
அந்த ஜோடியின் புது வீடு.

பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.
அவசரத் தீர்ப்பைப் பற்றி இந்த ஊருக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
பேனாவை மூடு என்றேன்.

காற்றுதான் என்றாள்.
காற்று தினமும்தானே இருக்கிறது?

மூன்று நாள் தேடினோம்.
மோதிலால் சார் முதலில் தராசைச் சந்தேகப்பட்டார்,
அப்புறம் மின்வெட்டை, அப்புறம் என்னை.
நான்காம் நாள்
நீர் காய்ச்சி வடிக்கும் இயந்திரத்தின் முதுகில்
டார்ச் அடித்தேன்.
போன வாரம் ரிப்பேருக்கு வந்தவர்
எவர்சில்வர் குழாய் கிடைக்காமல்
ஒரு சாண் செப்புக்குழாய் வைத்துப் பற்றவைத்திருந்தார்.
பளபளவென்று. குறை சொல்ல முடியாத வேலை.

செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.
இருக்கட்டும், எங்கள் சரத்துக்கு ஆகாது.
கண்ணுக்குத் தெரியாத துளிச் செம்பு போதும்.
காற்றுக்கும் கந்தகத்துக்கும் தரகு பேசி
முடித்துவைத்துவிட்டு
தான் கரையாமல்
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்.

குழாயை அறுத்தோம்.
தரகரின் கையைப் பிடித்து உட்காரவைக்க
ஒரு சிட்டிகை இடிடிஏ உப்பு.
உருளையைத் திருகி
நீருக்குள் நைட்ரஜன் குமிழி விட்டோம், அரைமணி நேரம்,
உள்ளே ஒளிந்திருந்த காற்றெல்லாம் எழுந்து போகும்வரை.
சரத்தைக் கடைசியாகத்தான் கரைத்தோம்.
கரைத்த கையோடு பழுப்புக் குப்பி, மூடி, இருட்டு.
பக்கத்தில் நின்று பேசக்கூட
ரெக்ஸ்லின் யோசித்தாள்.

மறுநாள்
வெறும் குப்பி வைத்தது வைத்தபடி.

பதினேழு?
விடுதலை என்று எழுத ஆசைதான்.
நாற்பத்தாறு விழுக்காடு
ஒன்பதுக்கு இறங்கி நின்றது.
வரம்பு ஒன்பதுக்கும் கீழே.
நீலப் பேனாவில் எழுதினோம்:
குறைந்த வினை. பசையில் ஒரு சரக்கை மாற்றிப் பார்க்கவும்.
இனி அது பேச்சிமுத்தம்மாளின் கணக்கு.
எங்கள் துரு அதில் இல்லை.

ஷிப்ட் முடிந்து கைகழுவும் கண்ணாடியில்
நேற்று நான் ஒட்டிவைத்த பொட்டு.
எடுத்து வைக்கப் போனவள் நின்றேன்.
புருவத்துக்கு நடுவே
வட்டமாய் ஒரு வெளுப்பு.
பசையா, வியர்வையா,
பஸ் நிறுத்தத்து வெயிலா?

ஒப்பிட்டுப் பார்க்க
பொட்டே வைக்காத இன்னொரு நெற்றி
எனக்கு இல்லை.